பக்கத்தின் சாவி யாரிடம்? கிளையின் சமூக ஊடகத்துக்கு ஏற்ற செயலிகள்



"அண்ணே, நம்ம கிளைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் திறக்கப் போறோம். எந்த ஆப் நல்லா இருக்கும்?" பயிற்சி முகாமுக்குப் போனால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கிளையின் தகவல் பிரிவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். நிறைய செயலிகளைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், பாதியை எடுத்தும் விட்டேன். அதனால் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: பக்கத்தை நடத்துகிற தம்பியோ தங்கையோ நாளைக்கு இங்கே இல்லை என்றால், அந்தப் பக்கம் நம்மிடம் இருக்குமா?

ஏன் இப்படிக் கேட்கிறேன்? கிளைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகள்தான் செய்கிறார்கள். இரண்டு வருஷத்தில் ஒருவர் பல்கலைக்கழகம் போவார், ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். கைப்பேசி எண் மாறும். பக்கம் அவருடைய சொந்த மின்னஞ்சலில் திறந்ததாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு கிளைக்கு இதுதான் நடந்தது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தேவாரப் போட்டி, குடும்ப தினம் என்று பல வருஷப் படங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. உள்ளே போக ஒருவராலும் முடியவில்லை. புதுப் பக்கம் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பழைய பக்கத்தில் இன்னமும் பழைய தலைவரின் எண்தான் இருக்கு. சமய வகுப்பு எப்போது என்று கேட்டு இன்றைக்கும் அவருக்குத்தான் அழைப்பு போகுது!

கோயில் உண்டியலை ஒரு ஆள் தனியாகத் திறப்பதில்லை. பொறுப்பாளர்கள் கூடித்தான் திறக்கிறார்கள். கிளையின் கணக்குக்கும் அதே ஒழுங்கு வேண்டும். எனக்குச் சரிப்பட்டு வந்த அமைப்பை மூன்று பகுதியாகச் சொல்றேன்.

1. பூட்டும் சாவியும்

முதல் வேலை, கிளைக்கென்று தனி மின்னஞ்சல் திறப்பது. எல்லாக் கணக்கையும் அதில்தான் பதிய வேண்டும்.

ஃபேஸ்புக்கில் கிளையின் பெயரில் தனிநபர் கணக்குத் திறக்காதீங்க. அது அவர்களுடைய விதிக்கே மாறானது. எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். 'பேஜ்' திறங்க. பேஜுக்குள் ஒவ்வொருவரும் தன் சொந்தக் கணக்கு வழியாகத்தான் நுழைவார்கள். ஆகவே கடவுச்சொல்லைப் பகிர வேண்டிய அவசியமே இல்லை. முழு அதிகாரம் இரண்டு அல்லது மூன்று செயலவை உறுப்பினர்களுக்கு மட்டும் இருக்கட்டும். பதிவு போடுகிறவர்களுக்கு அந்த வேலைக்கான அனுமதி போதும்.

இன்ஸ்டாகிராம் கணக்கை நிபுணர் கணக்காக மாற்றி அந்தப் பேஜோடு இணைத்துவிட்டால், பதிவு போடும் ஒவ்வொருவருக்கும் அதன் கடவுச்சொல் தேவைப்படாது. அந்தக் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்காமல், பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகத்தில் வைங்க. இலவசமாகவே கிடைக்குது.

அடுத்து, இரண்டடுக்குப் பாதுகாப்பு. குறுஞ்செய்தியில் வரும் எண்ணை விட கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலி நல்லது. அது 30 வினாடிக்கு ஒரு முறை புதிய எண் தரும், சிம் மாறினாலும் கவலை இல்லை. கூடவே தரப்படும் மீட்புக் குறியீடுகளை அச்சடித்து, உறையில் போட்டு, கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு செயலாளரிடம் வைங்க. கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலும் அந்தக் காகிதம் காப்பாற்றும்.

வாட்ஸ்அப்பில் வேறு ஆபத்து. தெரிந்தவர் எண்ணிலிருந்தே "தவறுதலா உனக்கு 6 இலக்க எண் வந்திருக்கும், கொஞ்சம் அனுப்பு" என்று செய்தி வரும். அனுப்பினால் உங்கள் கணக்கு அவர்கள் கையில். அப்புறம் உங்கள் பெயரிலேயே குழுவில் உள்ள அக்கா, மாமா எல்லாரிடமும் பணம் கேட்பார்கள். கோயில் குழுவில் கேட்டால் நம்பித் தருவாங்க, அதுதான் வேதனை. அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீங்க. செட்டிங்ஸில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போய் ஒரு ரகசிய எண் வைத்துவிடுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கியைக் கூப்பிடுங்க. மலேசியாவில் 997 என்ற எண்ணையும் அழைக்கலாம். சிங்கப்பூரில் சந்தேகம் வந்தாலே 1799 அழைத்துக் கேட்கலாம்.

குழுவுக்கும் இரண்டு அட்மின் வேண்டும். ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாகவே வேறொருவரை அட்மின் ஆக்கிவிடும். அது யார் என்பது நம் கையில் இல்லை.

2. வேலைக்கான செயலிகள்

மூன்றே போதும். சுவரொட்டிக்கு கேன்வா. படங்களைச் சேர்த்து வைக்க, கிளை மின்னஞ்சலின் கூகுள் டிரைவ். 15 ஜிபி இலவசம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் தரம் குறைந்துவிடும், அதனால் மூலப்படம் டிரைவில் இருக்கட்டும்.

மூன்றாவது மெட்டா பிசினஸ் சூட். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் பதிவுகளை முன்கூட்டியே தயாரித்து, நாளும் நேரமும் குறித்து வைக்கலாம். எனக்கு இதில் கிடைத்த பெரிய நன்மை நேரம்தான். நவராத்திரியின் ஒன்பது நாள் பதிவுகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம். ஒரு பதிவு போட ஃபேஸ்புக்கைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் கதை நடக்காது. எஸ்.பி.எம். எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு இதைக் கட்டாயம் பழக்கி விடுங்க. சேவை செய்ய வந்த பிள்ளையின் படிப்பு கெடக் கூடாது, இல்லையா?

3. தமிழில் எழுத

தமிழ் அமைப்பின் பக்கத்தில் அறிவிப்பு ஆங்கில எழுத்தில் தமிழாக வருவது பார்க்கவே வருத்தம். தட்டச்சு தெரியாது என்று சொல்ல இன்றைக்குக் காரணமே இல்லை. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இலேயே வந்துவிட்டது. ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழ் விசைப்பலகை இருக்கு. 'அம்மா' என்று ஒலிப்படியே ஆங்கில விசையில் தட்டினாலும் தமிழ் எழுத்து வரும்.

ஒன்று கவனிங்க. சுவரொட்டிக்குள் மட்டும் நாள், நேரம், இடம் போட்டால் போதாது. பதிவிலும் யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்க. அப்போதுதான் தேடினால் கிடைக்கும். பார்வை குறைந்தவர்களுக்குக் கைப்பேசி அதை வாசித்தும் காட்டும். சில வடிவமைப்பு மென்பொருளில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறிப் போகும். வெளியிடும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்துவிடட்டும்.

கிளைக் கூட்டத்துக்கான பயிற்சி

அடுத்த செயலவைக் கூட்டத்தில் 20 நிமிடம் ஒதுக்கி, இவற்றுக்குப் பதில் எழுதுங்க:

1. நம் கிளையின் பெயரில் எத்தனை கணக்குகள் உள்ளன? பயன்படுத்தாதவற்றையும் எழுதவும்.
2. ஒவ்வொன்றும் எந்த மின்னஞ்சலில், யாருடைய எண்ணில் இருக்கிறது?
3. முழு அதிகாரம் உள்ள இரண்டாவது நபர் யார்?
4. கிளையை விட்டுப் போனவர்கள் யாராவது இன்னும் அட்மினாக இருக்கிறார்களா?
5. மீட்புக் குறியீடுகள் எங்கே உள்ளன?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், கூட்டம் முடிவதற்குள் ஒருவரைச் சேர்த்துவிடுங்க. ஐந்து நிமிட வேலை.

ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தையும் முத்திரையையும் புதிய செயலவையிடம் ஒப்படைக்கிறோம் அல்லவா? இனி இந்தப் பட்டியலையும் சேர்த்து ஒப்படையுங்கள். பழைய அட்மின்களுக்கு நன்றி சொல்லி எடுத்துவிட்டு, புதியவர்களை அதே மேசையிலேயே சேர்த்துவிடுங்கள்.