பழம் பீரங்கியைப் புதுப்பித்தல்

பொழுதுபோக்கு என்றவளவில் தபால்தலை சேர்த்தலும் தோட்டமிடுதலுமே நம் நினைவிற்கு வருவன. இங்கிலாந்திலோ, பழைய போர்ப் பீரங்கியொன்றை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, ஓய்வு நாள்களில் துருப்போக்கிச் சீர்செய்வாரும் உளர். கொலைக் கருவிக்கு மெருகிடுதலும் ஒரு பொழுதுபோக்காமோ என யாம் முதலில் ஐயுற்றோம். அவ்வேலையின் இயல்பை ஆராய்ந்தபின் எம் கருத்து ஓரளவு மாறிற்று.

அவர்கள் விரும்பிப் பேணுவனவற்றுள் ஒன்று ‘இருபத்தைந்து பவுண்டர்’ என்பது. எறியுங் குண்டின் நிறையால் வந்த பெயர் அது. 1940-ஆம் ஆண்டிற் போர்க்களம் புகுந்த இப்பீரங்கியின் குழல் 87.6 மில்லிமீட்டர் உள்விட்டம் உடையது. குண்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவு செல்லும். 1942 அக்டோபர் 23-ஆம் நாள் இரவு எகிப்திலுள்ள எல் அலமைனில் ஒருங்கே முழங்கிய நூற்றுக்கணக்கான பீரங்கிகளுட் பெரும்பாலன இவ்வினத்தனவே. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினரும் இதனை இயக்கினர்.

சீர்செய்வார் முதற்கண் நோக்க வேண்டுவது சட்டம். பிரிட்டனில், சுடவியலாதவாறு செயலறுக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்ற பீரங்கியைத் தனியார் வைத்திருக்கலாம். நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பீரங்கியைத் தடைசெய்யப்பட்ட படைக்கலங்களுள் வைத்துளது. ஆதலின் இதனை நாம் அறிந்து மகிழ்தல் அமையும்; முயலுதல் ஒண்ணாது.

இரண்டாவது, உயிர்க்காவல். குண்டு வெளிப்படுங்கால் குழல் பின்னோக்கிப் பாயும். அப்பாய்ச்சலை, சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு செல்லும் எண்ணெய் தணிக்கும். அழுத்தி அடைக்கப்பட்ட காற்று குழலை மீண்டும் முன்னே தள்ளும். பல்லாண்டு கழிந்தும் அவ்வழுத்தம் உள்ளே தங்கியிருத்தல் கூடும். அதனை வெளியேற்றாது திருகாணியைக் கழற்றுவான் உயிரிழக்கவும் நேரும். பீரங்கி வாய் மூடினும் அதன் சினம் முற்றும் ஆறிற்றென்று எண்ணற்க.

மூன்றாவது, துருப்போக்கல். சிறு உறுப்புகளைச் சலவைச் சோடா கரைத்த நீரில் அமிழ்த்தி மின்கலத்தின் எதிர்முனையோடு இணைப்பர். நேர்முனையிற் பயனற்ற இரும்புத் தகடொன்றைத் தொங்கவிடுவர். மின்னோட்டத்தால் நல்லிரும்பு தேயாமல் துரு மட்டும் நெகிழ்ந்து கழலும். அப்போது எழும் ஹைட்ரஜன் தீப்பற்றும் இயல்பினதாகலின் திறந்த வெளியிலேயே இதனைச் செய்தல் வேண்டும். வெளிவந்த இரும்பை உடனே உலர்த்தி எண்ணெய் பூசாவிடின் மீளவுந் துருவேறும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாகும். அதனைத் தூளெழத் தேய்த்தல் நஞ்சை நுகர்தலேயாம்.

இவையெல்லாம் கைத்திறன்; இவற்றினும் அரியதொன்று உண்டு. வண்ணத்தை மெல்லச் சுரண்டுங்கால் அடுக்கடுக்காக முந்தைய வண்ணங்கள் தோன்றும். பீரங்கி எவ்வெக் காலத்து எந்நிறம் பூண்டிருந்தது என்பதற்கு அவையே சான்று. எஃகிற் பொறித்த எண்களும் அத்தகையனவே. விரைந்து தேய்ப்பவன் அச்சான்றை அழிக்கின்றான். காப்புத் தகட்டிற் குண்டுச் சில்லு பட்ட வடுவொன்று காணின் அதனை நிரப்பி மழுப்புவதா, அவ்வண்ணமே விடுவதா? மழுப்பினால் பீரங்கி அழகுறும். ஆயின் அதன்பின் நின்றோர் பட்ட துன்பத்தைச் சொல்ல வேறு நாவில்லை. விடுதலே நேர்மை என்பது எம் துணிபு.

தமிழ் பயிலும் எமக்கு இது புதிய பாடமன்று. செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் சிதைந்த இடத்திற் புள்ளியிட்டு விடுவானாயின் பிற்காலத்தார் உண்மையை நாடுவர். தன் சொல்லைப் பெய்து நிரப்புவானாயின் புலவன் வாக்கு யாது, இவன் வாக்கு யாது எனப் பிரித்தறியார். ஏடாயினும் இரும்பாயினும் பழையதைப் பேணுவோனுக்கு வேண்டுவது ஒன்றே: எங்கே கை வைக்கலாகாது என்னும் அறிவு. அவ்வறிவோடு பேணிய பீரங்கி போரைப் புகழாது. போர் இத்தகையது என்று காண்பார்க்கு உணர்த்தி அமைந்து நிற்கும்.