உமி உலையும் அதன் மின்விசிறியும்: பழுது அறியும் முறை

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழையோடு வந்து சேருகிறது. அவ்வேளையில் அறுத்த நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்திற்கு மேல் நிற்பது வழக்கம். கொள்முதல் நிலையத்தின் பொது வரம்போ 17 சதவீதம்; நெடுநாள் சேமிப்பதற்கு 14 சதவீதத்திற்குள் இருத்தல் வேண்டும். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் அது சூடேறி, நிறம் மாறி, முளைவிடும். இத்துன்பத்திற்கு வழி காணவே 1967-ல் திருவாரூரில், தஞ்சைக் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில், நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

உலர்த்தும் எந்திரத்திற்கு வேண்டிய அனலை உமி உலை தருகிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாதலால் எரிபொருளுக்குக் குறைவில்லை. ஆனால், அனலை நெல்லுக்குக் கொண்டு சேர்ப்பது மின்விசிறியே. விசிறி நின்றால் உலை எரிந்தும் பயனில்லை. உலை வெளியே கொட்டகையில் நிற்பதால் மழைச்சாரலும் சாம்பலும் எலியும் மின்கருவிகளைக் கெடுக்கின்றன. சாயக்கூடங்களில் விசிறி பொருத்திய விறகுலை வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்களுக்கும் கீழ்க்காண்பவை பொருந்தும்.

மின்சாரம் நின்றவுடன் தீ நிற்பதில்லை என்பதை முதலில் நினைவிற் கொள்க. உமி இடுவதை நிறுத்தி, அனற்குழாயை அடைத்து, புகைபோக்கியின் வழியைத் திறந்துவிட வேண்டும். காய்ந்த செங்கல்லின்மேல் நீர் ஊற்றலாகாது, கல் வெடிக்கும். பின்னர் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிப் பழுது பார்ப்பவர் தம் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். மின்பெட்டியைத் திறக்கும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. ஆயினும் நோயின் குறியை அங்கத்தினர் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்ததாகும்.

1. ஒலியுமில்லை, அசைவுமில்லை: மும்முனை விளக்குகளும் எரிகின்றனவா எனப் பார்க்க. எரியாவிடில் குறை மின்வரவிலோ பியூசிலோ உள்ளது. எரிந்தால் ஸ்டார்ட்டரையும் ஓவர்லோடு ரிலேயையும் சோதிக்கச் செய்க. பியூஸ் போனால் அதே அளவுக் கம்பியையே இடுக. தடித்த கம்பி இட்டால் மோட்டார் கருகும்.

2. மோட்டார் முனகுகிறது, சுழலவில்லை: உடனே நிறுத்துக. தாமதித்தால் சுருள் எரியும். மின்சாரத்தை முற்றும் துண்டித்தபின் விசிறியைக் கையாற் சுழற்றுக. எளிதாகச் சுழன்றால் ஒருமுனை மின்சாரம் தவறியிருக்கலாம். இறுகி நின்றால் பேரிங்கிலோ, சாம்பல் அடைப்பிலோ குறை உள்ளது.

3. சுழல்கிறது, காற்று போதவில்லை: பெல்ட் தளர்ந்திருக்கலாம், இறக்கைகளில் தூசி படிந்திருக்கலாம். மோட்டாரைக் கழற்றி மாட்டிய பின்பு இக்குறை தோன்றினால் சுழலும் திசையைப் பார்க்க. எதிர்த்திசையில் சுழன்றாலும் இவ்வகை விசிறி சிறிது காற்று தரும். அதனால் பலர் ஏமாறுகின்றனர். மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை சரியாகும்.

4. ரிலே அடிக்கடி விழுகிறது: மின் அழுத்தம் தாழ்ந்தால் மோட்டார் மிகுதியான மின்சாரம் இழுக்கும். காரணத்தை அறியாமல் ரிலேயின் அளவை உயர்த்துவது, காவலாளியைக் கட்டிப் போடுவது போன்றதாகும்.

5. தொட்டால் அதிர்ச்சி: உலையை ஓட்டவே கூடாது. ஈரம் புகுந்த மோட்டாரை உலர்த்தி, மெகர் கருவியாற் சோதித்து, காப்பு குறைந்தது 1 மெகாஓம் காட்டுவதையும் எர்த் இணைப்பு உறுதியாக இருப்பதையும் அறிந்த பின்னரே ஓட்டுக.

6. வெப்பமானி ஐயத்திற்குரியது: உலையருகே செல்லும் அதன் கம்பி கருகியிருக்கலாம். அனற்குழாயில் வேறொரு வெப்பமானியை வைத்து ஒப்பிடுக. விதைநெல்லுக்குக் காற்றின் சூடு 43 டிகிரி செல்சியசைத் தாண்டினால் முளைப்புத்திறன் கெடும்.

ஆவணி மாதத்திலேயே நிர்வாகக் குழு உலையை ஒருநாள் ஓட்டிப் பார்த்தல் நலம். மோட்டாருக்கு மழைமறைப்பும், கையிருப்பாக ஒரு பெல்ட்டும், பியூஸ் கம்பியும் வாங்கி வைக்க. மின் அழுத்தத்தையும், மோட்டார் இழுக்கும் ஆம்பியரையும் நாள்தோறும் ஏட்டில் குறித்து வருக. ஆம்பியர் ஏறிவருவது பழுதின் முன்னறிவிப்பு. வாயிலில் நெல் மூட்டையோடு காத்து நிற்பவர் நம் அங்கத்தினரே. ஓரிரவு உலை நின்றால், அவருடைய ஒரு போகத்து உழைப்பன்றோ முளைத்துப் போகும்!