பெலும் காட்டுக்குப் போகிறீர்களா? ஒலியைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்

மாணவர்களே, விடுமுறைக்கு வடக்கே ஒரு காட்டைப் பார்த்து வர வீட்டில் பேச்சு நடக்கிறதா? பேராக் மாநிலத்தின் வட கோடியில், தாய்லாந்து எல்லையை ஒட்டி, அரச பெலும் மாநிலப் பூங்கா இருக்கிறது. 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 117,500 ஹெக்டர், சிங்கப்பூரைவிடப் பெரியது. யானை, புலி, தாப்பிர், கரடி எல்லாம் இங்கே உண்டு. மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் பெலும்-தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன.

ஆனாலும் காட்டுக்குப் போய் வரும் பலர் ஒரு விலங்கையும் பார்க்காமல் திரும்புவது உண்டு. மழைக்காட்டில் சில மீட்டருக்கு அப்பால் இலைகளே தெரியும். நீங்கள் விலங்கைக் காணும் முன் அது உங்களைக் கேட்டுவிடும். ஆகவே, பயணத் திட்டத்தை ஒலியிலிருந்து தொடங்குவோம்.

கப்பலும் யானையும்

போர்ட் கிள்ளானில் வசிப்பவர்களுக்குக் கப்பலின் ஹாரன் பழகிய ஒலி. பெரிய கப்பலின் ஹாரன் ஏன் அவ்வளவு கனத்த குரலில் ஒலிக்கிறது? அனைத்துலகக் கடல் விதிப்படி, 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஹாரன் 70 முதல் 200 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இருக்க வேண்டும். சிறிய கப்பல்களுக்கு அதிர்வெண் கூடுதல். குரலை வைத்தே கப்பலின் அளவை ஊகிக்கலாம்.

இப்போது பாடத்தில் படித்த சூத்திரத்தை எடுங்கள்: அலைநீளம் = ஒலியின் வேகம் ÷ அதிர்வெண். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்.

3,400 ஹெர்ட்ஸ் பறவைக் கீச்சொலி: 340 ÷ 3,400 = 0.1 மீட்டர்
170 ஹெர்ட்ஸ் கப்பல் ஹாரன்: 340 ÷ 170 = 2 மீட்டர்
17 ஹெர்ட்ஸ் யானையின் உறுமல்: 340 ÷ 17 = 20 மீட்டர்

பத்து சென்டிமீட்டர் அலை, இலையிலும் மரத்திலும் பட்டுச் சிதறிவிடும். 20 மீட்டர் அலையோ மரங்களை வளைந்து சுற்றிக்கொண்டு வெகுதூரம் போகும். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. இந்தக் குற்றொலியில் யானைகள் பேசிக்கொள்வதை கேத்தரின் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஓர் உயிரியல் பூங்காவில் கவனித்தார். காதில் எதுவும் விழாதபோதும், யானைகளின் அருகே காற்று அதிர்வதை அவர் உடலில் உணர்ந்தார்.

படகு மோட்டாரும் லாரி எஞ்சினும் எழுப்பும் ஒலியிலும் தாழ்ந்த அதிர்வெண்கள் நிறைய. அவையும் காட்டுக்குள் தூரம் போகும். நமக்கு ‘லேசான இரைச்சல்’ என்று தோன்றுவது, விலங்குகளின் உரையாடலுக்கு இடையூறாகலாம்.

ஏரியில் என்ன செய்வது?

கெரிக் நகரைத் தாண்டி, பண்டிங் தீவின் படகுத்துறையிலிருந்துதான் பூங்காவுக்குள் போக முடியும். 1970களில் பேராக் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையால் உருவானது இந்தத் தெமெங்கோர் ஏரி. மூழ்கிய மரங்களின் பட்ட தண்டுகள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன.

அதிகாலையில் புறப்படுங்கள். அப்போது காற்று அடங்கியிருக்கும். கிப்பன் குரங்குகள் குரல் கொடுக்கும் நேரமும் அதுவே. படகோட்டியிடம் சொல்லி, ஓரிடத்தில் பத்து நிமிடம் எஞ்சினை நிறுத்துங்கள். ‘புஸ் புஸ்’ என்று மேலே ஒலி வந்தால் அண்ணாந்து பாருங்கள். பெரிய இருவாச்சிகளின் சிறகுகளுக்கு அடியில், அடிப்பகுதியை மூடும் சிறு இறகுகள் இல்லை. அந்த இடைவெளியில் காற்று புகுந்து எழுப்பும் ஒலி அது.

கனிம உப்பு ஊறும் இடங்களுக்கு மலாய் மொழியில் ‘சிரா’ என்று பெயர். தாவரங்களில் சோடியம் குறைவு என்பதால், யானையும் கடமானும் தாப்பிரும் அங்கே மண்ணையும் நீரையும் தேடி வரும். காற்று விலங்கின் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசும்படி அமருங்கள். இல்லையென்றால் உங்கள் வாசனையே அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும்.

சாலையில் இன்னொரு கணக்கு

2025 மே 11, அன்னையர் தினம். கெரிக்-ஜெலி நெடுஞ்சாலையில் விடியும் முன் இருட்டில், லாரி மோதி ஒரு யானைக் குட்டி இறந்தது. தாய் யானை அந்த லாரியை விட்டு நகராமல் நின்றது. பண்டிங் தீவுக்கு நீங்கள் போகும் சாலையும் இதுதான்.

மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். ஓட்டுநர் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல கார் நிற்க இன்னும் சுமார் 45 மீட்டர் தேவை. மொத்தம் 70 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் சுமார் 37 மீட்டர் போதும். பாரம் ஏற்றிய லாரிக்கு இதைவிடத் தூரம் வேண்டும். கீழ்நோக்கிய முகப்பு விளக்கில், கருத்த உடலுள்ள யானை 70 மீட்டருக்கு முன்பே தெரியும் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் திட்டத் தாளில் எழுத வேண்டியவை

1. போர்ட் கிள்ளானிலிருந்து பண்டிங் சுமார் 400 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, இருட்டும் முன் சேருங்கள்.
2. பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். படகும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்யுங்கள்.
3. ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவமழையோடு வரும். ஆண்டு நடுவில் வரும் விடுமுறை நல்லது.
4. ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.
5. புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாட்டின் காடுகளில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே எஞ்சியிருப்பதாக 2016-2020 தேசியப் புலிக் கணக்கெடுப்பு காட்டியது.

செய்து பாருங்கள்: இன்று மாலை வீட்டு வாசலில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். கேட்ட ஒலிகளைத் தாழ்ந்தவை, உயர்ந்தவை என்று இரண்டு பட்டியலாக எழுதுங்கள். எவை தொலைவிலிருந்து வந்தன என்று குறியுங்கள். தொலைவிலிருந்து வந்தவை எந்தப் பட்டியலில் அதிகம்? காரணத்தை மேலே உள்ள சூத்திரத்தைக் கொண்டு விளக்குங்கள்.