குதிரைக்கு மாட்டு மருந்து வேண்டாம்

கேள்வி: குதிரை வண்டி ஓட்டுகிறேன். எட்டு வயதுப் பெட்டைக் குதிரை. மழை தொடங்கியதிலிருந்து பிடரியையும் வாலடியையும் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து மயிர் கொட்டிவிட்டது. வயிற்றுப் பட்டை உரசும் இடத்தில் வட்ட வட்டமாகச் சொட்டை. அதைக் குளிப்பாட்டும் என் மகனின் முழங்கையிலும் அதேபோல ஒரு வட்டம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்து மிச்சமிருக்கிறது. அடிக்கலாமா? கழிவு ஆயில் தடவினால் ஆறும் என்றும் சொல்கிறார்கள்.
- வாசகர், பழனி

பதில்: இரண்டுமே வேண்டாம். மாட்டு உண்ணி மருந்துகளில் பல அமிட்ராஸ் கலந்தவை. மாடு தாங்கும், குதிரைக்கோ குடலின் அசைவே நின்று, லத்தி இறுகி, வயிற்றுவலியில் உயிரே போகலாம். கழிவு ஆயில் தோலைப் புண்ணாக்கும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு நோய்கள் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. பட்டைக்கு அடியில் இருப்பது படர்தாமரை. மகனின் முழங்கையே அதற்குச் சாட்சி. அவரைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குதிரைக்கு மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்த ஷாம்பு கால்நடை மருந்துக்கடைகளில் கிடைக்கும். கையுறை போட்டுத் தேய்த்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்வார். பட்டை, பிரஷ், விரிப்பு எதையும் வேறு குதிரைக்குக் கொடுக்காதீர்கள். ஆறும்வரை வண்டியில் பூட்டாமல் இருப்பது நல்லது. வருமானம் போகும் என்பது புரிகிறது. ஆனால் பட்டை உரச உரசப் புண் பரவும்.

பிடரி அரிப்பு வேறு கதை. கொசுவைவிடச் சிறிய க்யூலிகாய்டஸ் என்ற பூச்சி கடிப்பதால் வரும் ஒவ்வாமை அது. சேற்றிலும் ஈர லத்தியிலும் பெருகும். அந்தியிலும் விடியலிலும் அதிகம் கடிக்கும். பொழுது சாய்வதற்குள் குதிரையை லாயத்தில் கட்டி, மின்விசிறி போடுங்கள். காற்றை எதிர்த்துப் பறக்க அந்தப் பூச்சிக்கு வலு கிடையாது. லத்தியை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துங்கள். இந்த ஒவ்வாமை முழுதாகத் தீராது, ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலைகாட்டும். கடி குறைந்தால் அரிப்பும் குறையும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அரிப்பை உடனே அடக்குவது ஸ்டீராய்டு ஊசி. ஆனால் படர்தாமரை இருக்கும்போது அதைப் போட்டால் பூஞ்சை கொழிக்கும். சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் அழற்சி வந்து நொண்டியாகிவிடும். மனிதர்களுக்கு விற்கும் படர்தாமரைக் களிம்புகள் பலவற்றிலும் ஸ்டீராய்டு உண்டு, அவற்றையும் தடவாதீர்கள். முதலில் பூஞ்சை ஆறட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போய்வாருங்கள். சொட்டையின் ஓரத்து மயிரை வேரோடு எடுத்துச் சோதித்தால் பூஞ்சையா, பேனா, சொறிப்பூச்சியா என்று தெரிந்துவிடும். நீங்களே எடுத்துப் போவதானால் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி மாதிரி கெட்டுவிடும். அதுவரை எந்த மருந்தும் தடவாதீர்கள்.