அனுப்பும் பிரேம்களை வரிசையில் வைப்பது எப்படி? லேப்-பி டிரைவர் எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

டேட்டா லிங்க் டிரைவர் எழுத உட்காரும் பலரும் ஒரே வரிசை போதும் என்றுதான் நினைக்கிறோம். மேலிருந்து வருவதை வாலில் சேர், தலையிலிருந்து எடுத்து அனுப்பு, மறந்துவிடு. கம்பியில் ஒரு பிரேம் கெட்டுப்போகும் நாள்வரை இது ஓடும். எக்ஸ்.25-இல் வரும் லேப்-பி நெறிமுறையை வைத்துப் பார்ப்போம்.

படி 1: இரண்டு வரிசை

இன்னும் அனுப்பாதவற்றுக்கு ஒன்று (அனுப்பு வரிசை), அனுப்பி ஒப்புகைக்குக் காத்திருப்பவற்றுக்கு ஒன்று (ஒப்புகை வரிசை). லினக்ஸின் லேப்-பி நிரலிலும் இந்த இரண்டும் உண்டு. பதிவுத் தபால் அனுப்பினால் ஒப்புகை அட்டை வரும்வரை நம் பிரதியைக் கிழிக்காமல் வைத்திருந்தோம் இல்லையா, அதே கணக்குதான்.

படி 2: ஏழோடு நிறுத்துங்கள்

சாதாரண லேப்-பியில் வரிசை எண் 3 பிட். 0 முதல் 7 வரை. ஆனால் ஒப்புகை வராமல் 7 பிரேம்கள்தான் வெளியே இருக்கலாம். எட்டையும் அனுப்பிவிட்டீர்கள், எதிர்முனை “அடுத்து 0 வேண்டும்” என்கிறது. எட்டும் போய்ச் சேர்ந்ததா, ஒன்றுமே சேரவில்லையா? சொல்ல வழியில்லை.

படி 3: தலைப்பைக் கடைசி நொடியில் ஒட்டுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. ஒவ்வொரு தரவு பிரேமும் தலைப்பில் தன் எண்ணோடு, “உன்னிடமிருந்து அடுத்து இது வேண்டும்” என்ற ஒப்புகை எண்ணையும் சுமக்கும். வரிசையில் சேர்க்கும்போதே அதை எழுதி வைத்தேன். அப்போது 2. முறை வருவதற்குள் மூன்று பிரேம்கள் உள்ளே வந்து, 5 என்ற ஒப்புகை தனியாகப் போய்விட்டது. பின்னால் கிளம்பிய பழைய 2-ஐப் பார்த்த எதிர்முனை, செல்லாத எண் என்று இணைப்பையே முறித்தது. இரண்டு நாள் கேபிளைச் சந்தேகித்தேன்!

ஆகவே வரிசையில் வெறும் தரவு மட்டும் இருக்கட்டும். அனுப்பும் கணத்தில் நகலெடுத்து, நகலில் தலைப்பை ஒட்டுங்கள். மூலம் ஒப்புகை வரிசைக்குப் போகட்டும்.

படி 4: திரும்பக் கொண்டுவருதல்

எதிர்முனையிலிருந்து “மறுபடி அனுப்பு” என்னும் ரிஜெக்ட் வந்தாலோ, ஒப்புகைக்குக் காத்திருக்கும் டி1 டைமர் தீர்ந்தாலோ (லினக்ஸில் இயல்பாக 5 விநாடி), ஒப்புகை வரிசையில் மிச்சமிருப்பவை அனுப்பு வரிசையின் தலைக்குத் திரும்ப வேண்டும். வாலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் செருகுங்கள். தலையிலிருந்து எடுத்துத் தலையில் செருகினால் வரிசை தலைகீழ். அனுப்பும் எண்ணையும் எதிர்முனை கடைசியாகக் கேட்ட எண்ணுக்குப் பின்னிழுக்க மறக்காதீர்கள்.

படி 5: கட்டுப்பாட்டு பிரேம்களும் பூட்டும்

ஒப்புகை, ரிஜெக்ட் போன்றவை தரவு வரிசையில் நிற்கக் கூடாது. நின்றால் எதிர்முனையின் டைமர் தீர்ந்து, வந்து சேர்ந்ததையே மறுபடி அனுப்பும். இரு வரிசைகளையும் இன்டரப்ட்டும் தொடும் என்பதால் பூட்டு அவசியம். வரிசையின் நீளத்துக்கு ஒரு வரம்பும் வையுங்கள்.

படி 6: ஒரு பிரேமை விழுங்கிப் பாருங்கள்

எண் 3-ஐ மட்டும் வழியில் தொலையச் செய்யுங்கள். 5 வரை அனுப்பியிருந்தால் 3, 4, 5 மறுபடி புறப்படும். எண்களைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தலைப்பைக் கடைசி நொடியில் ஒட்டுவதால் உள்ளே தரவு தலைகீழாக இருந்தாலும் எண்கள் ஒழுங்காகவே தெரியும். பிரேமைத் திறந்து தரவைப் பாருங்கள்.