வலி போயிட்டா பலம் வந்துட்டதா?



இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். பந்து விளையாடும்போது முட்டியில் பலமாக அடிபட்டது. ஒரு மாதம் ஓய்வு எடுத்தாச்சு. வீக்கம் வத்திப் போச்சு, வலியும் இல்லை. இப்போ மறுபடியும் திடலுக்குப் போகலாமா?

"போகலாம்"னு சொல்றவங்கதான் நம்மில் அதிகம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த ஒரு நினைப்புக்கு ஓராண்டுக்கு மேல விலை கொடுத்தேன். நீங்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது?

நான் சிவில் பொறியியல் படிக்கும் மாணவன். வீடு பாகான் டத்தோவில். செமஸ்டர் விடுமுறையில் ஊருக்கு வந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் தோட்டத் திடலில்தான் இருப்பேன். அன்றைக்கு யாரும் என்னை மோதவில்லை, தள்ளவில்லை. பந்தோடு வேகமாக இடப்பக்கம் திரும்பினேன். கால் மண்ணில் ஊன்றியபடி நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்'னு ஒரு சத்தம். ராத்திரிக்குள் முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கிவிட்டது.

தெலுக் இந்தான் போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று அம்மா சொன்னார். போய்வர அரை நாள் போகும், அப்பாவுக்கு லீவு கிடைக்காது என்று நானே காரணம் சொன்னேன். பக்கத்தில் சுளுக்கு எடுக்கும் ஒரு பெரியவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டேன். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை; சுளுக்குக்கு நல்ல கை அவருக்கு. ஆனால் எனக்கு வந்தது சுளுக்கு இல்லை. ஐந்து வாரத்தில் வலி போனது. ஆறாவது வாரம் பூட்ஸ் மாட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, முட்டி தானாக மடங்கிக் கீழே விழுந்தேன்.

இந்தத் தடவை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஏ.சி.எல். முழுவதும் அறுந்திருந்தது. முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. "முதல் தடவையே ஏன் வரல தம்பி?" என்று டாக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஏ.சி.எல். என்பது என்ன?

தொடை எலும்பையும் அதன் கீழே இருக்கும் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காக இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு தசைநார்தான் ஏ.சி.எல். கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி அளவுக்கு மீறித் திருகாமலும் அது காக்கிறது. நேராக நடக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. அதனால்தான் அறுந்த பிறகும் பலரால் சாதாரணமாக நடக்க முடிகிறது. திடீரென்று திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும், ஓடிக்கொண்டே சட்டென்று நிற்கும்போதும்தான் அதன் அருமை தெரியும். இந்தக் காயம் பெரும்பாலும் யாரும் மோதாமலேயே வருகிறது. ஃபுட்சால், வலைப்பந்து விளையாடும் தங்கைகளே, கவனியுங்கள்: ஒரே விளையாட்டை விளையாடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

'டப்' என்ற சத்தம், சில மணி நேரத்திலேயே வீக்கம், கால் நிலைகொள்ளாத உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் உருவ வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அறுந்தவர்கள் எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. உடற்பயிற்சியால் மட்டுமே நல்ல நிலைக்கு வருபவர்களும் உண்டு. அதை டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். குருத்தெலும்பும் கிழிந்திருந்ததால் எனக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து, ஏ.சி.எல். இருந்த இடத்தில் வைத்துப் பொருத்தினார்கள்.

கான்கிரீட் சொல்லிக் கொடுத்த பாடம்

எங்கள் படிப்பில் முதலில் கற்றுத் தருவது இது. கான்கிரீட் ஊற்றிய மறுநாளே தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். ஆனால் அது சுமை தாங்காது. ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் மாதிரிக் கட்டிகளை எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்துத்தான் அதன் பலத்தைச் சொல்வோம். பார்வைக்குக் காய்ந்துவிட்டது என்று தாங்கு பலகையைக் கழற்றினால் கூரை தலையில் விழும்.

முட்டிக்குள் வைத்த புதிய நாணும் அப்படித்தான். பொருத்திய அன்று அது உறுதியாகவே இருக்கும். பிறகு உடம்பு அதற்குப் புதிய ரத்த ஓட்டத்தைக் கொடுத்துத் தசைநாராக மாற்றும் வேலையைத் தொடங்கும். அந்த வேலை நடக்கும் முதல் சில மாதங்களில் நாண் முன்பு இருந்ததைவிடப் பலவீனமாகிறது. வலி குறைந்து, 'எனக்குச் சரியாயிடுச்சு'னு தோன்றுவதும் அதே மாதங்களில்தான். ஆபத்தே இங்கேதான் இருக்கிறது.

2016இல் வெளிவந்த டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு, ஏ.சி.எல். அறுவைச் சிகிச்சை முடிந்த 106 விளையாட்டாளர்களைத் தொடர்ந்து கவனித்தது. ஒன்பது மாதம் வரைக்கும், திடலுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் மறுபடி அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பலச் சோதனைகளில் தேறாமல் விளையாடப் போனவர்களில் 100க்கு 38 பேருக்கு முட்டியில் மீண்டும் காயம். தேறிவிட்டுப் போனவர்களில் 100க்கு 6 பேருக்கும் குறைவு. நாட்காட்டியை மட்டும் பார்த்தால் போதாது, காலையும் சோதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

படிப்படியாக

என் பிசியோதெராபிஸ்ட் அக்கா போட்டுக் கொடுத்த வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் கணக்கு மாறலாம். உங்கள் பிசியோ சொல்வதுதான் முடிவு.

முதல் இரண்டு வாரம்: வீக்கத்தைக் குறைப்பது, முட்டியை முழுக்க நீட்டப் பழகுவது, தொடைத் தசையை இறுக்கி விடுவது. முட்டி வீங்கியிருந்தால் முன்தொடைத் தசை தானாகவே 'ஆஃப்' ஆகிவிடும். அதை மறுபடி எழுப்புவதுதான் முதல் வேலை.

ஆறு வாரம் வரை: நன்றாக மடக்கப் பழகுவது, நகராத சைக்கிள் மிதிப்பது, அரைக் குந்தல்.

மூன்று நான்கு மாதம்: ஒற்றைக் காலில் பலம் சேர்ப்பது. பலம் போதும் என்று பிசியோ சொன்னால் நேர்கோட்டில் மெதுவோட்டம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு: குதித்து இறங்குவது, திரும்புவது, பந்தோடு பழகுவது.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு: சோதனை. அடிபட்ட காலின் பலமும், ஒற்றைக் காலால் தாண்டும் தூரமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் குறைந்தது 90 விழுக்காடு இருக்க வேண்டும்.

ஜிம் எல்லாம் வேண்டியதில்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலைப் பையில் போட்டுக் கணுக்காலில் கட்டினால் ஒன்றரை கிலோ எடை. முட்டிச் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே தையல் டேப் வைத்து, இரண்டு தொடையின் சுற்றளவையும் ஞாயிறுதோறும் நோட்டில் எழுதினேன். முதலில் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர். அது இரண்டாக இறங்கவே பல வாரம் ஆனது. மனசு சோர்ந்த நாட்களில் அந்த நோட்டுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது.

நமக்குத் தெரிந்த இருவர்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்த டி. நடராஜனை நமக்கெல்லாம் தெரியும். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். புகழின் உச்சியில் இருந்த அதே நேரத்தில் முழங்கால் காயம். 2021 ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை. ஐ.பி.எல். பாதியிலேயே போனது. 2022 ஐ.பி.எல்.லில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட், 2024இல் 19 விக்கெட். இதற்கிடையே 2023இல் தன் ஊரிலேயே பிள்ளைகளுக்காக ஒரு கிரிக்கெட் திடலையும் திறந்தார்.

ரிஷப் பண்ட் 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கினார். வலது முட்டியின் தசைநார்கள் கிழிந்தன. மறுபடி ஆட்டத்துக்கு வந்தது 2024 மார்ச்சில், ஏறக்குறைய 15 மாதம் கழித்து. அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் டெஸ்டுக்குத் திரும்பியவர், அந்த ஆட்டத்திலேயே 109 ரன் எடுத்தார்.

தேசிய அணியின் மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பக்கத்தில் இருந்தும் அவருக்கு 15 மாதம் ஆனது. அப்படியிருக்க, தோட்டத் திடலில் விளையாடும் நான் ஆறு வாரத்தில் பூட்ஸ் மாட்டினேன்!

மனசுக்கும் பயிற்சி

முட்டியைவிட மனசுதான் கஷ்டப்பட்டது. வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார, நான் மட்டும் பின்னால் நாற்காலியில். வெட்கமாக இருந்தது. ஐந்தாம் மாதம் கோயில் திருவிழா வந்தது. நேர்த்திக்கடனாகக் காவடி எடுப்பதாக இருந்தேன். "சாமி பார்த்துக்கும், எடு"னு நண்பர்கள் சொன்னார்கள். பாட்டி மட்டும், "சாமி எங்கயும் போகாது ஐயா. காலைப் பாத்துக்க, அடுத்த வருஷம் எடு"னு சொன்னார். அந்த வருஷம் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றிக் கொடுத்தேன். அதுவும் தொண்டுதானே?

உடம்புக்குள் இறைவன் குடியிருப்பதை அறிந்த பிறகு உடம்பைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் பாடியிருக்கிறார். நாம் உடம்பைப் பெரும்பாலும் கோயில் மாதிரி நடத்துவதில்லை, வாடகை மோட்டார் மாதிரி ஓட்டுகிறோம். குடமுழுக்குக்குத் திருப்பணி முடியும் வரை பொறுமையாகக் காத்திருக்கிறோம் இல்லையா? அதே பொறுமையை நம் முட்டிக்கும் கொடுக்கலாம்.

பன்னிரண்டாம் மாதம் சோதனையில் 93 விழுக்காடு வந்தது. அன்று சாயங்காலம் திடலுக்குப் போனேன். முதல் முறை திரும்பும்போது பயமாகத்தான் இருந்தது. கால் நின்றது.

வருமுன் காக்க

ஃபிஃபா உருவாக்கிய '11+' என்ற வார்ம்-அப் பயிற்சி இருக்கிறது. சுமார் 20 நிமிஷம், வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். மெதுவோட்டம், தொடை, இடுப்புப் பலம், சமநிலை, சரியாகக் குதித்து இறங்குவது எல்லாம் அதில் உண்டு. தொடர்ந்து செய்யும் அணிகளில் காயங்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பந்து ஒன்று இருந்தால் போதும், செலவே இல்லை. குதித்து இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் சாயக் கூடாது. இந்த ஒன்றையாவது இன்றே உங்கள் அணிக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் அணியில் அடிபட்டவர் 'வலி இல்லை'னு சொன்னதும் ஆட விட்டிருக்கிறீர்களா? இனி என்ன கேட்பீர்கள்?

2. நீண்ட நாள் ஆட முடியாத நண்பரை இயக்க வேலைகளில் எப்படிச் சேர்த்துக்கொள்ளலாம்? மூன்று வழிகள் சொல்லுங்கள்.

3. இந்த வாரம் செய்ய: கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் மெதுவாகக் குந்தி எழுந்து பாருங்கள், ஒவ்வொரு காலிலும் பத்து முறை. எந்தக் கால் ஆடுகிறது? அந்தக் காலுக்கு இன்றிலிருந்து கொஞ்சம் கூடுதல் பயிற்சி கொடுங்கள்.