ஓய்வு நேரத்தில் செய்தது என்று எழுதாதே

அன்புள்ள அம்மிணி தாரணிக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். நீ பின்னிய குரோஷா யானைக்குட்டி நன்றாக வந்திருக்கிறது. துதிக்கையில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போனது சுத்தமான வேலை. சூரியகாந்திப் பூங்கொத்து அப்படியில்லை. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் அதே பூவை அதே கண்ணாடித்தாளில் சுற்றி எல்லாரும் விற்கிறார்கள். போனில் பார்த்துப் பின்னியதற்கும் உன் கையிலிருந்து வந்ததற்கும் வித்தியாசம் எனக்கே தெரிகிறது. காசு கொடுப்பவருக்குத் தெரியாதா?

பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு குரோஷாவையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வைத்துக்கொள்ளலாம். ஆனால் விலைப்பட்டியலின் அடியில் ‘ஓய்வு நேரத்தில் அன்போடு செய்தது’ என்று போட்டிருக்கிறாயே, அந்த வரியை முதலில் எடு.

ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாபுரம் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் வந்த மிஷனரிகள் அங்கே பெண்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அது வெளிநாட்டுக்குப் போகும் பெரிய வியாபாரமாக வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்தப் பெண்களோடு பழகி, 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். பகலெல்லாம் குனிந்து பின்னிய அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள், பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள் என்றே பேச்சு. பொழுதுபோக்குக்கு எவன் கூலி கொடுப்பான்? லாபம் நூல் கொடுத்து லேஸ் வாங்கியவர்கள் கைக்குப் போனது. 2024இல் அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குப் பின்னியவர்களுக்கு அதில் என்ன? ‘ஓய்வு நேரம்’ என்று நீயே எழுதிக்கொடுத்தால், விலை குறைக்கச் சொல்ல வருபவனுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நம் பனியன் ஊரின் பழக்கம் ஒன்று உன் கணக்கில் தெரிகிறது. பீஸுக்கு ஐம்பது காசு குறைத்தாவது ஆர்டரைப் பிடித்துவிடு என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். லட்சம் பீஸ் ஓடும் இடத்தில் அது செல்லும். யானைக்கு 350 ரூபாய் போட்டிருக்கிறாய். நூலும் பஞ்சும் 110 என்கிறாய், ஆறு மணி நேரம் என்கிறாய். அப்படியானால் உன் கைக்கு மணிக்கு 40 ரூபாய். கம்பெனியில் தையல்காரருக்குக் கைமடிக்கிற பிள்ளை உன்னைவிட அதிகம் வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். பனியன் துணியை மெஷின் மணிக்குக் கிலோ கணக்கில் பின்னித் தள்ளுகிறது. நீ பின்னுவதை அது பின்னாது. அது செய்யாத வேலைக்கு அதன் கணக்கில் ஏன் விலை போடுகிறாய்?

கல்யாணத்துக்கு 300 பேருக்கு ரிட்டர்ன் கிஃப்ட் கேட்டார்கள் என்று துள்ளிக்கொண்டு எழுதியிருக்கிறாய். அதைக் குரோஷாவில் எடுத்தால், கடைசியில் பக்கத்து வீட்டு நாலு பெண்களிடம் பீஸ் ரேட்டுக்குக் கொடுத்து வாங்குவாய். நரசாபுரம் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும். கல்யாண வீட்டுக்குப் பனியன் துணியில் தாம்பூலப் பை தைத்துக் கொடு, ஓவர்லாக் அடித்து. ‘கையால் செய்தது’ என்று சீட்டு ஒட்டாதே. தையல் மெஷினில் தைத்தது என்றே சொல். 2019இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்தும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதிலிருந்தும் துணிப்பை கொடுப்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஆடியில் முகூர்த்தம் இருக்காது. அந்த மாதம் நிதானமாக உட்கார்ந்து கொலுவுக்கான பொம்மைகளைப் பின்னு.

நூலுக்கு ஏன் கடைக்கு ஓடுகிறாய்? கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கழிவில் நூல் நூற்கும் ஓ.ஈ. மில்லுக்குப் போகிற ஊரில் இருந்துகொண்டு! சிங்கிள் ஜெர்சியை அகலவாக்கில் ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி இழுத்துப் பார். ஓரம் இரண்டும் தானாகச் சுருண்டு நூலாகிவிடும். பிரிக்காத குழாய்த் துணி கிடைத்தால் சுற்றிச் சுற்றி வெட்டு, முடிச்சே இல்லாமல் ஒரே நூலாக வரும். லைக்ரா கலந்தது வேண்டாம், கூடை நிற்காது. இந்தத் தடித்த நூல் பொம்மைக்குச் சரிவராது. கூடை, கைப்பை, மிதியடிக்கு ஆகும். நேரமும் பாதிதான் பிடிக்கும். இந்த ஊர்த் துணியில் இந்த ஊர்ப் பெண் செய்தது என்பது அந்தச் சூரியகாந்தி விற்பவர்களிடம் இல்லாத ஒன்று.

சொந்தக்காரர்களுக்குப் பாதி விலை என்று போட்டிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களைக் கொண்டு, மிச்சத் துணியில் சுனாமிகா என்று விரல் நீளப் பொம்மை செய்தது. அதற்கு விலையே வைக்கவில்லை. சும்மா கொடுத்தார்கள், விரும்பியவர்கள் நன்கொடை கொடுத்தார்கள். செய்த பெண்களுக்குக் கூலி போய்ச் சேர்ந்தது. சித்தி மகளுக்குக் கொடுக்க ஆசையா, முழுசாகச் சும்மா கொடு. விற்கிறாயா, முழு விலைக்கு விற்றுவிடு. பாதி விலையில் வாங்கியவள்தான் ஊரெல்லாம் அந்த விலையைச் சொல்லுவாள்.

இன்னொன்று. 2021 ஜனவரியிலிருந்து, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்றால் விலக்கு உண்டு. அந்த அடையாள அட்டைக்கு எழுதிப்போடு. அது கைக்கு வரும்வரை பையும் கூடையும் விற்றுக்கொண்டிரு. கைக்குழந்தைக்கான பொம்மைக்குப் பட்டன் கண் வைக்காதே, குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். நூலிலேயே கண் தைத்துவிடு.

கம்பெனியில் இப்போதே கணக்கு முடிக்காதே. தீபாவளி போனஸ் கைக்கு வரட்டும். அதற்குள் புது விலைப்பட்டியலை எழுதி எனக்கு அனுப்பு. மணிக்கணக்கைத் தனிக் கட்டத்தில் போடு.

அன்புடன்,
உன் அத்தை